கரிச்சான் குளிக்கும் கிண்ணம்

ஜூன் 3

அன்புள்ள வாயாடிக்கு,

நீ இன்னும் கோபமாகத்தான் இருப்பாய். உன் வீட்டிலேயே வந்து இருந்துவிடு என்று நீ அவ்வளவு சொல்லியும், குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு முதல் பேருந்தில் ஏறி வந்தவன் நான். நேரில் சொல்லியிருந்தால் நீ 'போகக்கூடாது' என்று சொல்லியிருப்பாய். நீ சொன்னால் நான் இருந்துவிடுவேன். அதனால்தான் சீட்டு.

தொலைபேசியில் பேசலாம் என்றால் என் காதைப் பற்றி உனக்குத் தெரியும். நீ ஒன்று கேட்க, நான் ஒன்று சொல்ல, மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்து சிரிக்க. கடிதம்தான் எனக்குச் சரி. எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்து அனுப்பலாம்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். உன் மகன் எனக்கு விட்டுப்போன கேமராவில் எடுத்தது. உன் அண்ணியின் கண்ணாடிக் கிண்ணம் நினைவிருக்கிறதா? யாராவது விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து இறங்குமே, அது. கொல்லையில் ஒரு இரும்பு முக்காலி மேல் அதை வைத்துத் தண்ணீர் ஊற்றி வருகிறேன். காலையில் கொண்டைக்குருவிகள் வரும். பிறகு தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சந்தைபோல இரைச்சலிடும் (என்று நினைக்கிறேன், எனக்கு வாய் திறப்பது மட்டும்தான் தெரிகிறது). படத்தில் இருப்பது குண்டுக்கரிச்சான். கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு, நீ பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நிற்பாயே, அப்படியே நிற்கிறது.

கேமராவைச் சமையலறை வாசலில் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்ட இடத்தில் மூன்றுகால் தாங்கி மேல் வைக்கிறேன். கொல்லைச் சுவரின் நீளவாக்கில் பார்க்கும்படி வைப்பதால், படத்தின் இடது ஓரத்தில் எப்போதும் அப்பா கட்டிய சுவரின் விளிம்பு நிற்கும். அந்த விளிம்போடு படச்சட்டத்தின் ஓரத்தைச் சரியாகப் பொருத்திய பிறகே முதல் படம். எடை அளவை ஆய்வாளனாக இருந்த காலத்துப் பழக்கம். கடைக்காரன் தராசைத் தொடுமுன் எங்கள் எடைக்கல்லை நாங்கள் சரிபார்க்க வேண்டும். அப்பாவும் சொல்வாரே: "உலகம் கோணலா தெரிஞ்சா இந்தச் சுவரப் பாத்து நேராக்கிக்கடா."

மலைச்சரிவின் மண்ணைத் தாங்கும் அந்தச் சுவருக்கு மேலே இருந்த காலி மனையை ஒருவர் வாங்கி வீடு கட்டிவிட்டார். லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கிப் புல்தரை போட்டிருக்கிறார். நாள் முழுக்கத் தண்ணீர் தெளிக்கிறார்கள். நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சொல்லப்போனால், சுவரில் தண்ணீர் வடிய அப்பா வைத்த துவாரங்கள் இப்போது காய்ந்து கிடக்கின்றன. அதில் ஒன்றில்தான் இந்தக் கரிச்சான் ஜோடி கூடு கட்டுகிறது.

சுவரை ஒட்டிய பின்னறையைத் தையல்காரப் பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வெளியூர். கைக்குழந்தை ஒன்று. கொல்லையில் ஒரு தையல்சிட்டு, உள்ளே ஒரு தையல்சிட்டு.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அண்ணன்

*

ஜூன் 12

அண்ணா,

பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் கடைசி வரியைப் படித்ததும் எரிச்சல் வந்து எழுதுகிறேன். "பரவாயில்லை"யாம்! யாரைக் கேட்டுப் பரவாயில்லை?

நீ போன அன்று நான் உனக்குக் காபி போட்டு எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். கட்டில் விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் இருந்தது. செத்தவர்கள் படுக்கையைத்தான் அப்படி விரித்துவைப்பார்கள். அதை உன் மாப்பிள்ளையிடம் சொல்லி அழுதேன். அவர், "உங்க அண்ணன் அலாரம் வச்சு ஓடிப்போன முதல் ஆளு" என்றார்.

படம் அழகாக இருக்கிறது. சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். இன்னும் அனுப்பு, வரிசையாக ஒட்டுகிறேன். ஆனால் நான் அப்படி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அந்தத் துவாரங்கள் காய்ந்துவிட்டன என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். மழை பெய்யாத மாதத்திலும் சளி பிடித்த பிள்ளை மூக்குபோல ஒழுகிக்கொண்டிருந்த சுவர் அது. அதில் காகிதக் கப்பல் விட்டவள் நான். இப்போது மேலே நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், கீழே ஒரு சொட்டு வரவில்லை என்றால், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

நான் காண்டிராக்டர் மகள் மட்டும்தான், காண்டிராக்டர் இல்லை. தெரியாமல் கேட்கிறேன்.

தங்கை

*

ஜூலை 1

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கண்டு மிகுந்த மகிழ்ச்சி. திட்டுதான் என்றாலும் உன் கையெழுத்து.

தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டிருந்தாய். யோசித்தேன். மண் குடித்துவிடும் என்று நினைக்கிறேன். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. மேல்வீட்டுக்காரரைக் கேட்கலாம், ஆனால் பழக்கமில்லாதவரிடம் போய் உங்கள் தண்ணீர் எங்கே என்று எப்படிக் கேட்பது?

ஐந்து படங்கள் வைத்திருக்கிறேன். கூட்டில் குஞ்சு பொரித்துவிட்டது. ஆண் புழுவோடு வரும் படத்தைப் பார், அலகில் அது வளைந்து தொங்குவதுகூடத் தெரியும்.

ஆனால் என்னைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கைநடுக்கமா, கண்ணா, தெரியவில்லை. ஒரே குறியில்தான் தாங்கியை வைக்கிறேன். இருந்தும் வாரத்துக்கு வாரம் படம் கோணுகிறது. சுவரின் விளிம்பு சட்டத்தின் ஓரத்தோடு பொருந்துவதில்லை. தரை இறங்கியிருக்கும் என்று தாங்கியின் இடதுகாலுக்கு அடியில் முதலில் ஒரு அட்டை வைத்தேன். இப்போது அட்டை போய் ஒரு மெல்லிய புத்தகம் வைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. கேமராவைச் சரிசெய்தால் கிண்ணம் கோணலாகத் தெரிந்தது. எனவே முக்காலியும் இறங்கியிருக்கிறது என்று, கிண்ணத்துக்கு அடியிலும் ஓட்டுத்துண்டு கொடுத்து, கேமராவில் பார்த்துப் பார்த்து நேராக்கினேன். இப்போது சுவரும் கிண்ணமும் நேராக இருக்கின்றன. ஆனால் கொண்டைக்குருவிகள் கிண்ணத்தின் ஒரு பக்கத்தில் மட்டுமே குளிக்கின்றன. அவற்றுக்கு என்ன கணக்கோ.

கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உன் அண்ணி இருந்திருந்தால், "கண்ணுல கோளாறு இல்ல, ஆளுதான் கோளாறு" என்று சொல்லியிருப்பாள்.

மற்றபடி விசேஷம் ஏதுமில்லை. பின்னறைக் கதவு இறுகிவிட்டது என்று தையல்காரப் பெண் சொன்னாள். தச்சரை அழைத்து மேல்விளிம்பைச் சீவிக் கொடுத்தேன். ஈரத்துக்கு மரம் ஊதிவிடும் என்றார். பத்து நாளில் மறுபடியும் இறுகிவிட்டதாம். சுவர்ப்பக்கம் குழந்தைக்குத் தொட்டில் கட்டியிருக்கிறாள். அங்கேதான் குளிர்ச்சியாக இருக்கிறதாம்.

உன் அண்ணன்

*

ஜூலை 9

அண்ணா,

இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து படி. இரண்டு முறை படி.

நீ அனுப்பிய ஆறு படங்களையும் கதவில் வரிசையாக ஒட்டினேன். நேற்றுக் காலை பால் காயக் காத்திருக்கும்போது பார்த்துக்கொண்டே நின்றேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடியது. நான் அடுப்பை அணைக்கவில்லை.

சுவர் ஆறு படத்திலும் நேராக இருக்கிறது. கிண்ணம் நேராக இருக்கிறது. கிண்ணத்துக்குள் தண்ணீரைப் பார். முதல் படத்தில் தண்ணீரும் விளிம்பும் ஒன்றுபோல ஓடுகின்றன. கடைசிப் படத்தில் வலது பக்கம் தண்ணீர் வழியப்பார்க்கிறது, இடது பக்கம் கிண்ணத்தின் அடி தெரிகிறது. உன் குருவிகளுக்கு ஒரு கணக்கும் இல்லை. ஆழமில்லாத பக்கத்தில் குளிக்கின்றன, அவ்வளவுதான்.

தண்ணீர் எங்கேயாவது சாய்ந்து நிற்குமா அண்ணா?

உன் தாங்கி இறங்கவில்லை. முக்காலி இறங்கவில்லை. உன் கண்ணுக்கும் ஒன்றும் இல்லை. அப்பா சுவர் வீட்டுப்பக்கம் சாய்கிறது. நீ ஒவ்வொரு நாளும் அதற்குத் தக்கபடி கேமராவைச் சாய்த்து, கிண்ணத்தைச் சாய்த்து, மீதி உலகத்தையெல்லாம் சாய்த்து, அந்தச் சுவரை மட்டும் நேராக வைத்திருக்கிறாய்.

உன் மாப்பிள்ளையிடம் காட்டினேன். எதற்கும் சிரிக்கிற மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். சிரிக்கவில்லை.

பரண்மேல் தகர டப்பாவில் அப்பாவின் தூக்குக்குண்டு இருக்கும். சுவர் உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டுப் பார். பிறகு அந்தப் பெண்ணையும் குழந்தையையும் பின்னறையிலிருந்து வெளியே கொண்டுவா. முதலில் அது. குருவி, படம், கண் மருத்துவர் எல்லாம் அப்புறம்.

தங்கை

*

ஜூலை 18

அன்புள்ள தங்கைக்கு,

நீ சொன்னபடி செய்தேன். குண்டு துருப்பிடிக்காமல் இருக்கிறது. அப்பா எண்ணெய் போட்ட துணியில் சுற்றி வைத்திருந்தார்.

ஏணி வைத்து உச்சியிலிருந்து நூல் விட்டேன். மேலே நூல் சுவரைத் தொட்டது. கீழே தொடவில்லை. நூலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் வைத்துப் பார்த்தேன். கை தாராளமாக நின்றது. காற்றாக இருக்குமோ என்று காற்றில்லாத நாளில் மறுபடி பார்த்தேன். இடைவெளி கொஞ்சம் கூடியிருந்தது. உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். கல் ஜில்லென்று இருந்தது. ஈரம் இல்லை, ஆனால் மறுபக்கம் ஈரம் இருப்பது கைக்குத் தெரிந்தது. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மேல்வீட்டுக்குப் போனேன். வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டு மூன்றாம் முறை மணியை அடித்தேன். அவர் மரியாதையானவர்தான். உட்காரச் சொன்னார். என் காதுக்காகச் சத்தமாகப் பேசினார். படங்களைக் காட்டினேன்.

"இது என்ன குருவி?" என்றார்.

"குருவியை விடுங்க, தண்ணியப் பாருங்க" என்றேன்.

"ஐயா, குருவி குளிக்கிற கிண்ணத்தப் பாத்துட்டு நான் என் தோட்டத்தத் தோண்டணுமா? நாலு எஞ்சினியர் பாத்துட்டுப் போன இடம் இது. உங்க சுவர் பழசு. ரிப்பேர் பண்ணணும்னா நீங்க பண்ணுங்க, நான் வேண்டாம்னு சொல்லல."

நியாயமாகத்தான் பட்டது. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று படியிறங்கும்போதுதான் தோன்றியது. நகராட்சியில் மனு கொடுத்திருக்கிறேன். மழை முடிந்ததும் வந்து பார்ப்பார்களாம்.

பிறகு தையல்காரப் பெண். அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டுதான் போனேன். "அம்மா, கொஞ்ச நாளைக்கு இந்த அறை வேண்டாம்" என்று ஆரம்பித்ததே தவறாகிவிட்டது.

"வேற ஆள் பாத்துட்டீங்களா ஐயா? நேராவே சொல்லுங்க."

"இல்லம்மா, சுவரு..."

"சுவருக்கு என்ன? நான் வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதான் நிக்குது. என் மிஷின் சத்தம் இடைஞ்சலா? காதே கேக்காத உங்களுக்கு என்ன இடைஞ்சல்?"

படத்தைக் காட்டினேன். அவள் ஒருநொடி பார்த்தாள். "சுவர் நேராத்தானே இருக்கு" என்றாள்.

நான் எடுத்த படம்தான். நானே அதை நேராக வைத்திருக்கிறேன். தொட்டிலில் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் திரும்பி வந்துவிட்டேன்.

ஒருவேளை நாம் இருவரும் தவறாகப் பார்க்கிறோமோ என்றும் தோன்றுகிறது. அப்பாவின் சுவர் அது. ஒரு நூல் பிசகாது என்பாரே.

உன் அண்ணன்

*

ஜூலை 24

அண்ணா,

அப்பா போய் முப்பது வருஷம் ஆகிறது. அவர் சுவருக்கு இன்னும் நீ பயப்படுகிறாய். நீ பயப்பட வேண்டியது அதற்குத்தான், ஆனால் இந்த விதத்தில் அல்ல.

உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று நான் கூப்பிட்டதெல்லாம் விளையாட்டுக்கு. இப்போது விளையாட்டு இல்லை. நீ பணிவாகச் சொல்வதால் யாருக்கும் அது ஆபத்தாகக் கேட்கவில்லை. வீடு பற்றி எரிந்தாலும் நீ 'மன்னிக்கணும், கொஞ்சம் புகை வருது' என்றுதான் சொல்வாய்.

உன் மாப்பிள்ளைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. நான்காம் தேதிக்கு முன் என்னால் நகர முடியாது. அதற்கு மறுநாளே வருகிறேன். நான் வந்து அவளிடம் பேசுகிறேன். அதுவரை எப்படியாவது, பொய் சொல்லியாவது, அவளை அந்த அறையிலிருந்து கிளப்பு. நீயும் அந்தப் பக்கம் போகாதே. கொல்லைக் கதவைப் பூட்டு.

இங்கே மழை தொடங்கிவிட்டது. உங்கள் பக்கம்தான் வருகிறது.

தங்கை

*

ஜூலை 30

அன்புள்ள வாயாடிக்கு,

பொய் சொல்லியாவது என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன். அறுபது வருஷத்தில் முதல் முழுப்பொய். நீ பெருமைப்படலாம்.

அவளிடம் போய், என் முன்னறையில் தெருவெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, தூக்கம் வருவதில்லை, பின்னறை இருட்டாக இருக்கிறது, நாம் அறை மாற்றிக்கொள்ளலாமா, வாடகையைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுக்காகவா அன்னைக்கு அவ்ளோ சுத்தி வளைச்சீங்க? முதல்லயே சொல்லியிருக்கலாமே ஐயா!" என்று சிரித்தாள். அன்றே மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். முன்னறை ஜன்னலில் ஜாக்கெட் துணிகள் தொங்குகின்றன. தொட்டில் தெருப்பக்கம் இருக்கிறது. முன்பக்கத் தூண்கள் பாறைமேல் நிற்கின்றன, அங்கே பயமில்லை.

நான் பின்னறையில் படுக்கிறேன். கோபப்படாமல் மேலே படி.

அந்த அறை காலியாக இருந்தால் அவள் திரும்பி வந்துவிடுவாள். நன்றாக யோசித்துப் பார்த்தேன். நான் உன் வீட்டுக்கு வந்துவிட்டால், ஒரு வாரத்தில் துணி உலர்த்தவும், பிறகு குழந்தையைத் தூங்கவைக்கவும், பிறகு மிஷினை வைக்கவும் அவளுக்கு அந்த அறை தேவைப்படும். அங்கே குளிர்ச்சியாக இருக்கிறதல்லவா? பூட்டினால் சாவி கேட்பாள். கேட்டால் நான் கொடுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கிழவன் படுத்திருக்கும் அறைக்கு யாரும் வரமாட்டார்கள். நீ வரும்வரைதான். நான் சொல்லி யாரும் கேட்கவில்லை. நீ வந்து ஒரு சத்தம் போட்டால் சுவரே பயந்து நிமிர்ந்துவிடும்.

காது கேட்காதவனைக் காவலுக்கு வைத்ததுபோல என்று நீ சொல்வாய். உண்மைதான். சுவர் ஏதாவது பேசினால்கூட எனக்குக் கேட்காது. அதனால் ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிக் கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எழுந்ததும் முதலில் அதைப் பார்க்கிறேன்.

மழை தொடங்கிவிட்டது. துவாரங்களில் ஒரு சொட்டு இல்லை. கரிச்சான் குஞ்சுகள் பறந்துவிட்டன. பெற்றவை இரண்டும் சுவரில் உட்காருவதில்லை. முன்பெல்லாம் அங்கே உட்கார்ந்து இறகு கோதிவிட்டுத்தான் கிண்ணத்துக்கு வரும். இப்போது மாமரத்திலிருந்து நேராகக் கிண்ணம், கிண்ணத்திலிருந்து நேராக மரம்.

நேற்று மழை சற்று விட்டபோது தாங்கிக்கு அடியில் இருந்த புத்தகத்தை எடுத்துவிட்டேன். கிண்ணத்துக்கு அடியில் இருந்த ஓட்டுத்துண்டுகளையும் எடுத்தேன். தண்ணீரைப் பார்த்துக் கேமராவை நேராக்கி ஒரு படம் எடுத்தேன். இதோடு இருக்கிறது. படம் தெளிவாக வந்திருக்கிறது. கரிச்சான் நடுவில் குளிக்கிறது. சுவரைப் பார்.

ஒன்று மட்டும் நிம்மதி. தவறு என் கையில் இல்லை, கண்ணில் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு கோணல் என்னுடையது இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிவது இதுதான் முதல் தடவை.

கதவு ரொம்ப இறுகிவிட்டது. தோளால் இரண்டு முறை இடித்தால்தான் திறக்கிறது. ஜன்னலில் கம்பி இருக்கிறது, அதனால் கதவை முழுக்கச் சாத்தாமல் வைக்கலாம் என்றால், சாரல் அடிக்கிறது. தச்சரிடம் மறுபடி சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளையின் முழங்கால் நல்லபடியாக ஆகட்டும். நீ அவசரப்படாமல் வா.

உன் அண்ணன்

*

ஆகஸ்ட் 3, பேருந்தில்

அண்ணா,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. கையில் கொண்டுவருகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பேருந்து ஆடுகிறது. எழுதாமல் இருந்தால் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

உன் கடிதம் காலையில் வந்தது. படத்தைப் பார்த்தேன். உன் மாப்பிள்ளை மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே, "என்னை நர்ஸ் பாத்துக்குவா, நீ ஓடு" என்றார். நான் அழவில்லை. கடிதத்தின் பின்பக்கம் உன் வீட்டு எண்ணுக்குக் கீழே நீ இந்தத் தடவை ஒழுங்காகத் தையல்காரப் பெண்ணின் எண்ணையும் எழுதியிருந்தாய். பேருந்தில் ஏறியதும் கூப்பிட்டேன்.

"ஐயா இன்னும் எழுந்திருக்கலம்மா" என்றாள். "விடிஞ்சதுலேர்ந்து தட்டுறேன். அவருக்குத்தான் காது கேக்காதே. தள்ளிப் பாத்தேன், கதவு அசையவே மாட்டேங்குது. நிலைக்கதவே ஒரு பக்கமா இறங்கியிருக்கு. ஏன்மா, அந்தச் சுவர்ல மண்ணு உதிர்ற மாதிரி ஏதோ..."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போ என்று கத்தினேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது. உன் அறை எதற்காக மாறியது என்று அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். பிறகு குழந்தை அழும் சத்தம். பிறகு அவள் ஓடும் சத்தம், தெருவின் சத்தம். தீயணைப்பு நிலையத்துக்குக் கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டுவிட்டாளாம். அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்களாம். அதற்குப் பிறகு அவள் எண் கிடைக்கவில்லை. இந்த மலைப்பாதையில் எந்த எண்ணும் கிடைக்காது.

தொட்டில் தெருப்பக்கம் இருந்தது அண்ணா. அதை மட்டும் உனக்கு முதலில் சொல்ல வேண்டும். இருவரும் வெளியே இருக்கிறார்கள்.

வளைவுக்கு வளைவு பேருந்து சாய்கிறது. பக்கத்து இருக்கை ஆள் என்மேல் சாய்கிறார், ஜன்னல் சாய்கிறது, மரமெல்லாம் சாய்கிறது. என் பாட்டிலில் தண்ணீர் மட்டும் நேராக நிற்கிறது. அதையே பார்த்துக்கொண்டு வருகிறேன்.

வந்ததும் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பேன். நீ உட்கார்ந்து, இரண்டு முறை படித்துவிட்டு, என்னைப் பார்த்துப் 'பயந்தாங்கொள்ளி' என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் நான் சொன்னதற்கெல்லாம் சேர்த்து.

சொல்லிவிடு அண்ணா. நான் பாதி வழிக்கு வந்துவிட்டேன்.